வயருக்கு வழி விடும் சாக்கெட்: பெரம்பலூர் முதல் அரியலூர் வரை ஒரு 22 எம்.எம். தேடல்

காலையில் வண்டியைக் கிளப்பியதும் பானெட்டுக்குள்ளிருந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடேறி மூன்று நான்கு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். ஒரு மாதம் இப்படியே ஓட்டினேன். பிறகு செக் எஞ்சின் விளக்கு எரிய ஆரம்பித்தது. பெரம்பலூர் துறைமங்கலத்தில் நான் வழக்கமாக வண்டி விடும் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன்.

மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரை மாட்டினார். பி0171 என்று வந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். அவர் அதோடு விடவில்லை. டார்ச் அடித்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் விளிம்பைக் காட்டினார். மை தீட்டியதுபோல ஒரு கரிக்கோடு.

"கேஸ்கெட் போயிடுச்சு தம்பி. இந்தச் சந்து வழியா வெளிக்காத்து உள்ள போகுது. அதைப் பார்த்துட்டு சென்சாரு ஏமாந்துபோகுது. சென்சார் மேல தப்பே இல்ல."

கேஸ்கெட் சில நூறு ரூபாய்தான். அரை நாள் வேலை. ஆனால் மேனிஃபோல்டின் மேல் ஒரு தகரக் கவசம் இருக்கிறது. அந்தக் கவசத்தின் துளை வழியாக ஆக்ஸிஜன் சென்சார் தலை நீட்டி நிற்கிறது. சென்சாரைக் கழட்டாமல் கவசம் வராது. கவசம் வராமல் நட்டுக்குக் கை போகாது. அரை நாள் வேலையை ஒன்பது நாள் நிறுத்திவைத்தது அந்த ஒரு சென்சார்தான். அதைக் கழட்டுவதற்கான சாக்கெட்டைத் தேடியதும், கிடைத்தவற்றை எல்லாம் போட்டுப் பார்த்ததும்தான் இந்த விமர்சனம்.

இதற்கு மட்டும் ஏன் தனி சாக்கெட்?

புகைபோக்கியில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து சொல்லும் இந்தச் சென்சாரை பாஷ் நிறுவனம் 1976-ல் வால்வோ கார்களில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருப்பது சிர்கோனியா என்ற பீங்கான். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால்தான் அது சரியாக வேலை செய்யும். அதனால் இப்போதைய சென்சார்களுக்குள் ஒரு சிறு ஹீட்டரும் உண்டு. பெரும்பாலும் நான்கு வயர்கள்: ஹீட்டருக்கு இரண்டு, சமிக்ஞைக்கு இரண்டு.

சிக்கல் அந்த வயர்களில்தான் இருக்கிறது. சாதாரண போல்ட்டின் தலைக்கு மேலே வெற்றிடம் இருக்கும். சாக்கெட்டை மேலிருந்து கவிழ்த்துவிடலாம். இந்தச் சென்சாரின் தலையிலிருந்து அரை மீட்டர் வயர் கிளம்பி, முனையில் பிளாஸ்டிக் கனெக்டரோடு முடிகிறது. மூடிய சாக்கெட்டை அதன் மேல் கவிழ்க்க வழியே இல்லை. அதனால் பக்கவாட்டில் நெடுக ஒரு பிளவு விட்ட சாக்கெட் வேண்டும். பிளவு வழியாக வயரை உள்ளே நுழைத்து, பிறகு சாக்கெட்டைத் தலையில் இறக்க வேண்டும்.

நல்ல செய்தி, அளவு ஏறத்தாழ உலகப் பொது. கார் சென்சாரின் மரை பெரும்பாலும் எம்18, 1.5 பிட்ச், அறுகோணத் தலை 22 மி.மீ. சில இடங்களில் 7/8 இஞ்ச் என்று எழுதியிருப்பார்கள். அது 22.225 மி.மீ. வித்தியாசம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. புதுத் தலையில் இரண்டுமே உட்காரும். இறுகிப்போன தலையில் அந்தக் கால் மில்லிமீட்டர்தான் மூலையைச் சீவும். நம் பக்கத்தில் பழைய மாசி ஃபெர்குசன் டிராக்டருக்காக இஞ்ச் ஸ்பேனர் வைத்திருக்கும் வீடுகள் நிறைய. 7/8 கையில் இருக்கிறதே என்று அதை மாட்ட வேண்டாம். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு எடுங்கள். என் சென்சாரின் தலை சுத்தமாக 22.

தேடிய இடங்கள்

முதலில் பெரம்பலூர். எந்த ஹார்டுவேர் கடையிலும் அரை இஞ்ச் டிரைவ் சாக்கெட் செட் இருக்கிறது. 10-லிருந்து 32 வரை வரிசையாக அடுக்கிய நீலப் பெட்டி, சிவப்புப் பெட்டி. 20-22 ஸ்பேனரும் எல்லாக் கடையிலும் உண்டு. பிளவு விட்டது என்று கேட்டால் மட்டும், "அப்படி ஒண்ணு வருதா சார்?" என்று கடைக்காரர் என்னைத் திருப்பிக் கேட்டார். இரண்டு கடையில் ஸ்பார்க் பிளக் சாக்கெட்டை எடுத்து நீட்டினார்கள்.

மறுநாள் முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூர். அது சுண்ணாம்புக்கல் பூமி. டால்மியா, ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, அரசின் டான்செம் என்று சிமென்ட் ஆலைகள் சூழ்ந்த ஊர். கல் ஏற்றும் லாரியும் மூட்டை ஏற்றும் லாரியும் ஓயாத சாலைகள். அங்கே டூல்ஸ் கடையில் நுழைந்தால் எல்லாமே பெரிது: முக்கால் இஞ்ச் டிரைவ், ஒரு ஆள் நீளக் கைப்பிடி, லாரி வீல் நட்டுக்கான கனத்த கறுப்பு இம்பாக்ட் சாக்கெட். இந்த ஊரின் கைத்திறன் கனரக வண்டியைச் சுற்றி வளர்ந்தது. கருவியும் அதற்கேற்ப வந்திருக்கிறது. சின்ன பெட்ரோல் காரின் சென்சார் இரண்டு ஊர்க் கடைகளுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. அங்கே ஒரு கார் ஷெட்டில் மெக்கானிக் ஒருவர் துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்துக் காட்டினார். சாதாரண நீள 22 சாக்கெட். கட்டிங் வீல் வைத்து அவரே நெடுக அறுத்தது. "இதுல ஏழெட்டு வண்டி பார்த்திருக்கேன். எடுத்துட்டுப் போங்க, நாளைக்குத் தந்தா போதும்" என்றார். முன்பின் தெரியாதவனிடம் தன் கைவேலையைக் கொடுத்தனுப்பிய அந்த மனசுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மற்ற மூன்று கருவிகளை இணையத்தில் வரவழைத்தேன். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பார்சல் திருச்சி சுற்றித்தான் வந்தது. கேட்ட நாளிலிருந்து கைக்கு வர ஒரு வாரம்.

1. ஷெட்டில் அறுத்த சாக்கெட்

கையில் வாங்கியதும் அறுத்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். அரம் போட்டு மழுக்கியிருந்தார், வயர் கீறாது. நல்ல வேலை. பிளவின் மேல்முனை மட்டும் சதுரமாக முடிந்திருந்தது. உலோகத்தில் விசை வந்து குவியும் இடம் அந்தக் கூர்மூலைதான். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது அங்கே ஏற்கெனவே தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.

கவசத்தின் துளை வழியாகத் தலை நீட்டும் அந்த மேல் சென்சாரில் மாட்டி அழுத்தினோம். பாதி விசையிலேயே சாக்கெட்டின் வாய் விரிவது கண்ணுக்குத் தெரிந்தது. அறுகோணத்தின் ஒரு மூலையில் வெள்ளிப் பொடி உதிர்ந்தது. அண்ணன் உடனே கையை எடுத்துவிட்டார். அந்த நிதானத்தால்தான் சென்சார் பிழைத்தது.

சாக்கெட்டின் பலமே அதன் முழு வட்டம்தான். வளையலை ஓரிடத்தில் வெட்டினால் விரலால் விரித்துவிடலாம், அதே கதை. அறுக்கும்போது எழும் சூடு எஃகின் பதத்தையும் கெடுக்கிறது. அவசரத்துக்கு நீங்களே செய்வதாக இருந்தால் இரண்டு விஷயம். பிளவு முடியும் இடத்தில் முதலில் ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு அதுவரை மட்டும் அறுங்கள். விசை துளையைச் சுற்றிப் பரவிப்போகும். அறுக்கும்போது அடிக்கடி நிறுத்தி ஆறவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

தீர்ப்பு: இறுகாத சென்சாருக்குப் போதும். துருப்பிடித்ததற்கு வேண்டாம்.

2. நீளப் பிளவு சாக்கெட், அரை இஞ்ச் டிரைவ்

இது கம்பெனித் தயாரிப்பு. குரோம் வனேடியம் எஃகு. அறுத்ததைவிடச் சுவர் கனம், பிளவின் முனை வளைவாக முடிகிறது, உள்ளே ஆறு முனை. இந்த ஆறு முனை முக்கியம். பன்னிரண்டு முனை சாக்கெட் மூலைகளை மட்டும் சிறிதளவு பிடிக்கும். பிளவுக்காக ஒரு பக்கம் போன பிறகு அங்கே பிடிமானம் இன்னும் குறைந்துவிடும்.

மேல் சென்சாரில் இது தோற்றது. பலம் குறைவால் அல்ல, நீளத்தால். சாக்கெட் ஒரு சாண் நீளம். அதன் தலையில் ராட்செட்டை மாட்டினால் ரேடியேட்டர் ஃபேன் இடிக்கிறது, சுழற்ற இடமே இல்லை.

வண்டியில் இன்னொரு சென்சாரும் உண்டு. அந்தக் கீழ் சென்சாரில், அதாவது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அடுத்துள்ளதில், இது ராஜா. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்து, நீளக் கைப்பிடி போட்டு இழுத்தோம். இங்கேயும் வாய் லேசாக விரியப் பார்த்தது. அப்போது அண்ணன் ஒரு யோசனை செய்தார். ரேடியேட்டர் ஹோஸுக்குப் போடும் கிளாம்ப் ஒன்றை சாக்கெட்டின் வாயைச் சுற்றி மாட்டி இறுக்கினார். விரிவது நின்றது. 'டக்' என்று ஒரே சத்தம், சென்சார் விட்டுக்கொடுத்தது. இருபது ரூபாய்க் கிளாம்ப் அந்த நேரத்தில் வெட்டுப்பட்ட வட்டத்தை மறுபடி முழு வட்டமாக்கிவிட்டது.

தீர்ப்பு: வண்டிக்கு அடியில் உள்ள சென்சாருக்கு முதல் தேர்வு. கிளாம்போடு சேர்த்தே பெட்டியில் வையுங்கள்.

3. பக்கவாட்டு டிரைவ் சாக்கெட், 3/8 இஞ்ச்

இதில் கைப்பிடி மாட்டும் சதுரத் துளை சாக்கெட்டின் தலையில் இல்லை, தோளில் இருக்கிறது. மேலே வயர் நேராகப் போகிறது. கைப்பிடி பக்கத்தில் நிற்கிறது. உயரம் மூன்று விரற்கடைதான். ஃபேனுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே சுலபமாக உட்கார்ந்தது.

இதன் குறை, விசை கொடுக்கும் புள்ளி நடு அச்சில் இல்லை. இழுக்கும்போது சாக்கெட் ஒரு பக்கம் சாய்ந்து மேலே எழும்பப் பார்க்கும். அதனால் ஒரு கையால் கைப்பிடியை இழுத்தால், மறு கையின் உள்ளங்கையால் சாக்கெட்டின் தலையை அழுத்திப் பிடிக்க வேண்டும். முதல் முறை பிடிக்காமல் இழுத்தேன், வழுக்கியது. அண்ணன் பிடித்துக்காட்டிய பிறகு சரியாக வந்தது. மேல் சென்சாரைக் கழட்டியது இதுதான்.

தீர்ப்பு: ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள். இன்றைய சின்ன கார்களில் மேல் சென்சார் நெருக்கடியான இடத்தில்தான் இருக்கிறது.

4. காக்கைக்கால்

திறந்த வாய்ப்பக்கத்தில் மட்டும் சிறு இடைவெளி விட்டு, தலையை ஏறக்குறைய முழுதும் சுற்றிப் பிடிக்கும் தட்டையான துண்டு. இறுகியதைக் கழட்ட இதை நம்ப வேண்டாம். திரும்பப் பூட்டும்போது, டார்க் ரெஞ்சோடு சேர்த்துப் பிடித்தால் அருமை. ஆனால் ஒரு விதி: காக்கைக்காலை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, அதாவது 90 டிகிரியில் மாட்டுங்கள். அப்போது ரெஞ்ச் காட்டும் அளவுதான் சென்சாருக்கும் போகும். நேர்கோட்டில் மாட்டினால் கைப்பிடி நீண்டதுபோல் ஆகி, நினைத்ததைவிட அதிக முறுக்கு ஏறிவிடும்.

சென்சாருக்கு வழக்கமாகச் சொல்லப்படுவது 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. கைப்பிடியின் முனையில் சுமார் 15 கிலோ அழுத்தினால் 45 வந்துவிடும். இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டிய கை, பூட்டும்போதும் அதே பலத்தைக் கொடுக்கத் துடிக்கும். அப்படி இறுக்கினால் மேனிஃபோல்டின் மரை போய்விடும். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

சாக்கெட்டுக்கு முன்னும் பின்னும்

வாங்குவதற்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். சென்சாரின் கனெக்டரைப் பிரித்து, அதை 22 ரிங் ஸ்பேனரின் துளைக்குள் நுழைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் நுழைந்துவிடும். நுழைந்தால் கடை ஏற வேண்டாம். பிளவே இல்லாத ரிங்கைவிடப் பலமான கருவி இதற்குக் கிடையாது. என் வண்டியில் கனெக்டர் அகலம், நுழையவில்லை.

சென்சார் செத்துவிட்டது என்று மீட்டர் வைத்து உறுதிசெய்துவிட்டால், வயரைத் தலையருகே வெட்டிவிட்டு மூடிய சாக்கெட்டைக் கவிழ்க்கலாம். அதில் தவறில்லை. தவறு எங்கே என்றால், செக் எஞ்சின் விளக்கைப் பார்த்ததும் வெட்டுவதில். என் வண்டியில் பழுது கேஸ்கெட்டில். சென்சார் ஆரோக்கியமாக இருந்தது. அண்ணன் கரிக்கோட்டைத் தேடாமல் கட்டிங் பிளையரைத் தேடியிருந்தால், புது சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்த பிறகும் அதே விளக்கு எரிந்திருக்கும்.

கழட்டும் முறை இது. முதல் நாள் இரவே மரையின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். மறுநாள் எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி, நிறுத்தி, வெதுவெதுப்பாக இருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு முயலுங்கள். முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை. பிறகு கழட்டும் திசை. அசைந்ததும் முழுக்கச் சுழற்றிவிடாமல் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டிக் கொண்டுவாருங்கள். மரையில் சிக்கிய துரு பொடியாகி வெளியேறும். பிளவு சாக்கெட்டில் இம்பாக்ட் கன் வைக்கவே கூடாது, வெடித்துப் பிளந்துவிடும்.

என் சென்சாரின் மரையில் வெள்ளைப் பொருக்கு கெட்டியாக ஒட்டியிருந்தது. தினமும் சிமென்ட் லாரிகளின் பின்னால் ஓடும் வண்டி இது. அந்தப் புழுதி ஈரம் பட்டு இறுகிச் சூட்டில் வெந்திருக்க வேண்டும் என்றார் அண்ணன். பார்க்க அப்படித்தான் இருந்தது.

பூட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்றும் விரலால் மட்டும் போக வேண்டும். விரலால் போகவில்லை என்றால் மரை கோணலாக ஏறுகிறது, கழட்டிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். மரையில் ஆன்டி சீஸ் பசை பூசலாம். புது சென்சாரில் பல நேரம் அது பூசியே வரும். முனையில் பசை பட்டால் சென்சார் கெடும். கைதவறிக் கீழே போட்டாலும் உள்ளே இருக்கும் பீங்கான் விரிசல் விடும், பார்வைக்குத் தெரியாது.

வாங்கும்போது

தனி சாக்கெட் தரத்தைப் பொறுத்து முந்நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை. நான்கைப் பாருங்கள். ஒன்று, 22 மி.மீ. என்று எஃகில் பொறித்திருக்க வேண்டும். அட்டையில் அச்சடித்தது போதாது. இரண்டு, உள்ளே ஆறு முனை. மூன்று, பிளவு முனை வளைவாக முடிந்திருக்கிறதா. நான்கு, பிளவின் அகலம் வயர்க்கட்டும் அதன் உறையும் நுழையும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். கனெக்டர் அந்த வழியாக நுழையத் தேவையில்லை. வயர்தான் பக்கவாட்டில் நுழைகிறது. பிளவு எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலம்.

ஏழு எண்ணிக்கைப் பெட்டியாகவும் விற்கிறார்கள். ஷெட் நடத்துபவர் என்றால் அதை வாங்கலாம். எம்18 மரையைச் சுத்தம் செய்யும் சேசர் அதில் வருகிறது, அதற்காகவே தகும். சொந்தக் காருக்கு என்றால் பக்கவாட்டு டிரைவ் ஒன்றும், ஒரு ஹோஸ் கிளாம்பும் போதும்.

இந்தப் பாடம் சென்சாரோடு முடிவதும் இல்லை. வோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் டிரைவ் ஷாஃப்ட் போல்ட்டுக்குப் பன்னிரண்டு பல் பிட் வேண்டும். ஸ்டார் பிட் அதில் உட்கார்வதுபோல் உட்கார்ந்து பல்லைத் தின்றுவிடும். வெளிப்பக்கம் ஸ்டார் வடிவம் உள்ள போல்ட் தலையிலும் அறுகோண சாக்கெட் ஏறும், பிறகு வழுக்கும். 'ஏறுது' என்பதும் 'பொருந்துது' என்பதும் ஒன்றல்ல. மாட்டிப் பார்க்கும் முன் அளந்து பார்க்க வேண்டும்.

நம் இரு மாவட்ட ஷெட்டுகளில் திறமைக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பழுது சொல்பவர்கள் இருக்கிறார்கள்; ஸ்கேனரும் இப்போது பல ஷெட்டுகளில் வந்துவிட்டது. ஸ்கேனர் பழுதைக் காட்டும், கழட்டித் தராது. அதன் விலையில் மிகச் சிறு பங்குகூட வராத இந்தச் சாக்கெட்டும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த முதலீடு முழுமை. எல்லோரும் வாங்க வேண்டியதில்லை. ஒரு தெருவில் நான்கு ஷெட் இருந்தால் ஒன்று போதும். அரியலூரில் எனக்குக் கிடைத்ததுபோல, துணியில் சுற்றிக் கைமாறட்டும்.

நான் வாங்கிய மூன்றையும் துறைமங்கலம் ஷெட்டிலேயே விட்டிருக்கிறேன். பிளவில் வயர் உரசாமல் இருக்க அண்ணன் விளிம்பில் உப்புத்தாள் தேய்த்து, சிவப்பு பெயின்டில் 22 என்று எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறார். 'டிக் டிக்' சத்தம் போய்விட்டது, விளக்கும் அணைந்துவிட்டது.

உங்கள் வண்டியில் அந்த விளக்கு எரிந்து, சென்சாரைக் கழட்ட வேண்டும் என்று சொன்னால், விலை கேட்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, வயரை வெட்டாம கழட்ட உங்ககிட்ட சாக்கெட் இருக்கா?"